சாட்பாட் தவறாகச் சொல்லி வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்தால் யார் கட்டுவது, நாமா வெண்டரா?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். மதுரையில் 12 பேர் வேலை பார்க்கும் சுற்றுலா ஏஜென்சி எங்களுடையது. வெப்சைட்டிலும் வாட்ஸ்அப்பிலும் செயற்கை நுண்ணறிவு சாட்பாட் வைக்கப்போகிறோம். டிக்கெட் ரத்து, ரீஃபண்ட், விசா, தடுப்பூசி என்று வரும் கேள்விகளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அதுவே பதில் சொல்லும்.

பாட்டைத் தரும் நிறுவனமான வெண்டர் அனுப்பிய ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் உறுத்துகிறது. பாட் தரும் பதிலின் சரித்தன்மைக்கு அவர்கள் பொறுப்பல்ல. எந்த நஷ்டமானாலும் கடைசி 3 மாதக் கட்டணத்துக்கு மேல் தரமாட்டார்கள். வழக்கு என்றால் டெல்லியில் மட்டும்.

பாட்டின் ஜன்னலுக்குக் கீழே "பதில்களில் பிழை இருக்கலாம்" என்று ஒரு வரி போட்டால் நமக்குப் பாதுகாப்பு கிடைக்குமா? "இது இயந்திரம் சொன்னது, நாங்கள் சொல்லவில்லை" என்ற வாதம் எடுபடுமா?

---

சட்டப்படி

அந்த வாதத்தை ஏர் கனடா விமான நிறுவனம் சொல்லிப் பார்த்துத் தோற்றது. உங்கள் தொழிலுக்கு மிக நெருங்கிய வழக்கு என்பதால் முழுதாகவே சொல்கிறேன்.

2022 நவம்பரில் பாட்டி இறந்த செய்தி வந்து ஒரு பயணி வான்கூவரிலிருந்து டொராண்டோ போக டிக்கெட் பார்க்கிறார். துக்கத்துக்குப் போகிறவர்களுக்கு ஏர் கனடாவில் சலுகைக் கட்டணம் உண்டு. டிக்கெட் எடுத்த 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் சலுகைத் தொகையைத் திரும்பப் பெறலாம் என்று வெப்சைட்டின் சாட்பாட் சொல்கிறது. அதே பதிலில் இருந்த இணைப்பைச் சொடுக்கினால் வரும் பக்கமோ, பயணம் முடிந்தபின் சலுகை கேட்க முடியாது என்கிறது. பயணி பாட்டை நம்பி இரண்டு டிக்கெட்டுக்குமாக 1,640.36 கனடிய டாலர் கட்டிப் போய் வந்தார், பிறகு விண்ணப்பித்தார். நிறுவனம் மறுத்தது.

2024 பிப்ரவரி 14 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்வுத் தீர்ப்பாயம் பயணியின் பக்கம் தீர்ப்பளித்தது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி சட்ட நபர் என்ற பொருள்பட நிறுவனம் வாதிட்டிருந்தது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. பாட் வெப்சைட்டின் ஒரு பகுதி, வெப்சைட்டில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனம்தான் பொறுப்பு என்றது. "சரியான பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தோமே" என்பதும் நிற்கவில்லை. ஒரே வெப்சைட்டின் ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று பயணிக்கு எப்படித் தெரியும்? கவனக்குறைவாகத் தவறான தகவல் தந்து நம்பவைத்தார்கள் என்ற அடிப்படையில் 650.88 டாலர் இழப்பீடு, வட்டி, கட்டணம் சேர்த்து மொத்தம் 812.02 டாலர் கட்டச் சொன்னது.

தொகை சிறியது. சிறு கோரிக்கைகளுக்கான தீர்ப்பாயம் என்பதால் கனடாவிலேயே மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. இந்தியாவில் வழிகாட்டுதலாக மேற்கோள் காட்டலாம், அவ்வளவே. ஆனால் அந்தப் பயணி வென்றது எதனால் என்று பாருங்கள். பாட் சொன்னதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். நிறுவனமோ, தான் நம்பியிருந்த கட்டண விதிகளின் உரிய பகுதியைக்கூடத் தாக்கல் செய்யவில்லை.

இந்தியாவில் இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 11 எடுத்துப் படியுங்கள். ஒருவர் சார்பில் தானாக இயங்கும்படி நிரல் எழுதப்பட்ட கணினி அமைப்பு அனுப்பும் மின்பதிவு, அவரே அனுப்பியதாகக் கொள்ளப்படும். சாட்ஜிபிடி பிறப்பதற்கு 22 வருடம் முன்பே எழுதிய வரி, இன்றைய பாட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் பிரிவு 18-ம் உங்களுக்கு எதிராகவே நிற்கும். உண்மையல்லாததை, போதிய ஆதாரமில்லாமல் உறுதியாகச் சொன்னால், சொன்னவர் அதை உண்மை என்றே நம்பியிருந்தாலும், அது தவறான எடுத்துரைப்புதான்.

"நாங்கள் இடைத்தரகர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 79 காப்பாற்றும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பாதுகாப்பு மூன்றாம் தரப்பின் தகவலைக் கடத்துகிறவர்களுக்கு. உங்கள் பாட் உங்கள் பெயரில் தானே பதிலை உருவாக்குகிறது.

ஆக, வாடிக்கையாளருக்கு முதலில் கட்டுவது நீங்கள்தான். அதை வெண்டரிடம் திரும்ப வாங்க முடியுமா என்பது தனிக் கணக்கு. "பிழை இருக்கலாம்" வரி போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் பணம், தேதி பற்றிப் பாட் திட்டவட்டமாகச் சொன்ன பதிலை அந்தப் பொதுவான வரி அழிக்காது.

---

நுகர்வோர்_பக்கம்

மேலே சொன்னதோடு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ஐயும் சேர்க்க வேண்டும். உங்கள் மீது வழக்கு வந்தால் பெரும்பாலும் இதன் கீழ்தான் வரும்.

டிக்கெட் வாங்கியவர் கேட்ட கேள்விக்குப் பாட் தவறாகச் சொன்னால் அது பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடு. பாட் இலவசம்தானே, இலவச சேவை சட்டத்துக்குள் வராதே என்று வாதிடலாம் என்று தோன்றும். டிக்கெட்டுக்குக் காசு வாங்கியிருந்தால் பாட்டும் அந்தச் சேவையில் சேர்ந்ததுதான். வாங்குவதற்கு முன்பு பொய்யான தகவல் சொல்லி வாங்கவைத்தால் 2(47), நேர்மையற்ற வணிக நடைமுறை. மின்பதிவு மூலம் சொன்னதும் அதில் அடங்கும் என்று பிரிவிலேயே இருக்கிறது.

வாடிக்கையாளருக்கு இது எவ்வளவு எளிது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. ஆன்லைனில் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடம் அவகாசம். உங்கள் வெண்டர் ஒப்பந்தமோ உங்களை டெல்லிக்கு இழுக்கிறது. திருநெல்வேலியில் ஒரு ஆணையத்தில் நின்று பணம் கட்டிவிட்டு, அதைத் திரும்பப் பெற டெல்லிக்கு அலைய வேண்டிவரும்.

இன்னொன்று. வெண்டருக்கு எதிராக நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் பிரிவு 2(7)-இன்படி நுகர்வோர் அல்ல. சொந்தப் பிழைப்புக்குச் சுயதொழில் செய்கிறவருக்கு விலக்கு உண்டு, 12 பேரை வைத்து நடத்தும் ஏஜென்சிக்கு அது கிடைப்பது கஷ்டம். 3 லட்சத்துக்குக் குறையாத தொகை என்றால் வணிக நீதிமன்றம். அங்கே அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்கானால், வணிக நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 12ஏ-இன்படி முதலில் சமரசத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அதைத் தாண்டி நேரே தாக்கல் செய்தால் மனுவே நிராகரிக்கப்படும். 2022-இல் உச்ச நீதிமன்றம் 'பாட்டீல் ஆட்டோமேஷன்' என்ற நிறுவனத்தின் வழக்கில் இதை உறுதிப்படுத்திவிட்டது.

---

கடலோரக்_கணினி

நுகர்வோர் சட்டத்தில் product liability என்கிற பொருள் பொறுப்பு அத்தியாயமே இருக்கிறதே, பிரிவு 82 முதல் 87 வரை? வாடிக்கையாளர் நேராக பாட் தயாரித்தவர் மீதே அதில் போகலாமே. ஐரோப்பாவில் மென்பொருளையும் பொருளாக்கிவிட்டார்கள்.

---

சட்டப்படி

நல்ல கேள்வி, ஆனால் இந்த வழக்குக்கு உதவாது. இரண்டு தடை.

முதல் தடை, பிரிவு 2(33)-இல் 'பொருள்' என்பதன் வரையறை. வாயு, திரவம், திடம் ஆகிய நிலைகளில் இருக்கக்கூடியது என்று எழுதியிருக்கிறார்கள். சர்வரில் ஓடும் மென்பொருள் இதில் எதில் அடங்கும்? சிடியில் விற்ற மென்பொருள் விற்பனை வரிக்குச் சரக்குதான் என்று 2004-இல் டிசிஎஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை மாதச் சந்தாவில் ஓடும் பாட்டுக்கு நீட்டலாமா என்பது வாதத்துக்குரியது. கார், மருத்துவக் கருவி போன்றவற்றுக்குள் இருக்கும் செயற்கை நுண்ணறிவுக்கு இந்தத் தடை இல்லை, அங்கே கருவியே பொருள்.

இரண்டாவது, பிரிவு 2(22)-இல் 'தீங்கு' என்பது. உயிர், உடல், உடைமைச் சேதம், அவற்றோடு வரும் மனவேதனை. வெறும் பண நஷ்டம் வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கிறது. ரீஃபண்ட் தகராறு முழுக்கப் பண நஷ்டம்.

ஐரோப்பாவின் 2024/2853 எண் கொண்ட பொருள் பொறுப்பு வழிகாட்டுச் சட்டத்திலும் அப்படித்தான். மென்பொருளும் செயற்கை நுண்ணறிவும் பொருள்தான், குறைபாட்டை நிரூபிப்பது மிகக் கடினம் என்றால் நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம், ஆதாரத்தை வெளியிடும்படி நிறுவனத்துக்கு உத்தரவிடலாம். உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9-க்குள் தங்கள் சட்டத்தில் கொண்டுவர வேண்டும். ஆனால் அங்கும் இறப்பு, காயம், மருத்துவரீதியாக உறுதிசெய்த மனநலப் பாதிப்பு, சொத்து, தரவு இழப்பு இவைதான். வெறும் பண நஷ்டம் இல்லை. செயற்கை நுண்ணறிவு தொடர்பான கவனக்குறைவு வழக்குகளுக்கென்று 2022-இல் முன்வைத்த தனி வரைவை 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. எனக்கு இது வருத்தம்தான். ஆதாரத்தைப் பெறும் வழியை அது கவனக்குறைவு வழக்குகளுக்கும் தந்திருக்கும்.

வைகைக்கரை, உங்கள் பட்டியலில் தடுப்பூசி என்று ஒரு சொல் இருக்கிறது. அங்கேதான் பண நஷ்டம் தாண்டி உடலுக்குத் தீங்கு என்ற எல்லைக்குள் போகிறீர்கள். கென்யா போகிறவர் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு 10 நாள் ஆனபிறகுதான் சான்றிதழ் செல்லும். "கிளம்பும் முன்தினம் போட்டால் போதும்" என்று பாட் சொன்னால் ஆள் விமான நிலையத்தில் நிற்பார், அல்லது திரும்பி வரும்போது இங்கே தனிமைப்படுத்தப்படுவார். ஒவ்வாமை, கர்ப்பம் பற்றிக் கேட்டு அதற்கும் பாட் பதில் சொன்னால் இன்னும் மோசம். அந்தத் தலைப்பையே பாட்டிடமிருந்து எடுத்துவிடுங்கள்.

---

லாக்_காவலர்

நான் மென்பொருள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வழக்கு வந்தபிறகு தேடினால் கிடைக்காதவை இவை.

ஒவ்வொரு உரையாடலுக்கும் நீங்கள் சேமிக்க வேண்டியது வெறும் கேள்வியும் பதிலும் அல்ல. பயனர் தட்டச்சு செய்தது எழுத்து மாறாமல், பாட் உங்கள் ஆவணங்களிலிருந்து எடுத்த பத்திகள், அந்த ஆவணத்தின் பதிப்புத் தேதி, பாட்டுக்கு நீங்கள் கொடுத்த அடிப்படைக் கட்டளையின் பதிப்பு எண், பாட்டை இயக்கும் செயற்கை நுண்ணறிவு மாடலின் முழுப் பெயரும் பதிப்பும், இந்திய நேரத்தில் விநாடி வரை நேரம். இவ்வளவும் இருந்தால்தான் பிழை உங்கள் பழைய பிடிஎஃப்-ஆல் வந்ததா, வெண்டரின் மாடலால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியும். அது தெரியாமல் வெண்டரிடம் ஒரு ரூபாய் வாங்க முடியாது.

சேமிப்பு உங்கள் கணக்கில் இருக்கட்டும். 30 நாளில் உரையாடலை அழித்துவிடும் சேவைகள் உண்டு, நுகர்வோர் புகாருக்கு 2 வருடம், சிவில் வழக்குக்குப் பொதுவாக 3 வருடம் அவகாசம் இருக்கிறது. குறைந்தது 3 வருடம் மூன்று மாதம் வையுங்கள். ஒவ்வொரு நாளின் லாக் (உரையாடல் பதிவு) கோப்புக்கும் நள்ளிரவில் எஸ்எச்ஏ-256 ஹேஷ் (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற குறியீடு) எடுத்து வேறோர் இடத்தில் எழுதி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தில், பிரிவு 63(4)-இன் சான்றிதழ்ப் படிவத்தில் ஹேஷ் மதிப்புக்கே இடம் இருக்கிறது. அ பகுதியில் பதிவைத் தருபவர், ஆ பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். வழக்கு வந்தபிறகு எடுத்த ஹேஷ், அதை எடுத்த அன்றைக்குக் கோப்பு எப்படி இருந்தது என்பதை மட்டுமே காட்டும்.

பாஸ்போர்ட் எண், ஆதார் எண்ணை லாக்கில் சேர்வதற்கு முன்பே மறைத்துவிடுங்கள். தனிநபர் தரவுச் சட்டத்தில் வெண்டர் கையாண்டாலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

எங்கே தவறுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் மாடல் கற்பனை செய்வதால் அல்ல. 2023-இன் ரத்து விதி, 2025-இன் ரத்து விதி இரண்டு பிடிஎஃப்-ம் ஒரே கிடங்கில் கிடக்கும், தேடல் பழையதை எடுத்துவரும். அல்லது ஆவணத்தைத் துண்டு துண்டாக நறுக்கும்போது "90 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம்" ஒரு துண்டிலும் "பயணத்துக்கு முன்பு மட்டும்" அடுத்த துண்டிலும் போய் விழும். பாட் முதல் துண்டை மட்டும் படித்து நேர்மையாகப் பதில் சொல்லும். நிபந்தனையும் விலக்கும் ஒரே துண்டில் இருக்கும்படி ஆவணத்தையே திருத்தி எழுதுங்கள்.

தமிழ்ப் பயனர்களிடம் தனிச் சிக்கல் ஒன்று. "ticket cancel panna evlo pudippaanga" என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள், அந்த நடைக்குத் தேடல் சரியாக இயங்காது. 150 கேள்வி கொண்ட சோதனைப் பட்டியல் ஒன்று தயாரியுங்கள்: 50 தமிழ் எழுத்தில், 50 ஆங்கில எழுத்துத் தமிழில், 50 ஆங்கிலத்தில். ஆவணமோ கட்டளையோ மாடலோ மாறும்போதெல்லாம் முழுப் பட்டியலையும் ஓட்டி முடிவைத் தேதியோடு வையுங்கள். உரிய கவனத்தோடு நடந்தீர்கள் என்று காட்ட இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

ரத்துக் கட்டணம், ரீஃபண்ட் நாள், விசா விதி மூன்றையும் பாட் சொந்த வாக்கியத்தில் சொல்லவே வேண்டாம். கேள்வி என்ன என்பதை மட்டும் அது கண்டுபிடிக்கட்டும். பதில் நீங்கள் எழுதி வைத்த நிலையான வாசகமாக, டேட்டாபேஸிலிருந்து தொகையோடு வரட்டும்.

---

வைகைக்கரை

மிக்க நன்றி. அப்படியானால் ரீஃபண்ட் பதில்களை அனுப்பும் முன் ஊழியர் ஒருவர் பார்த்து 'சரி' கொடுப்பார் என்று வைத்தால் பிரச்சினை தீருமா? அப்புறம் ஒப்பந்தத்தில் என்னதான் கேட்பது?

---

சட்டப்படி

ஊழியர் பார்ப்பது நல்லதுதான், அவருக்கு நேரமும் அதிகாரமும் இருந்தால். 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பேயில் ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் மோதி ஒரு பெண் இறந்தார். மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே சென்சார் அவரைக் கண்டது. ஆனால் அமைப்பு அவரை 'வாகனம்', 'வேறு ஏதோ', 'சைக்கிள்' என்று வகையை மாற்றிக்கொண்டே இருந்தது. தேவையில்லாமல் பிரேக் போடாதிருக்க ஒரு விநாடி தாமதம் வேறு வைத்திருந்தார்கள். காரைத் தயாரித்த வால்வோவின் சொந்த அவசர பிரேக்கும் அந்த நேரம் துண்டிக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் மீது குற்ற வழக்குக்கு அடிப்படை இல்லை என்று 2019-இல் அரசு வழக்கறிஞர் முடிவு செய்தார். இருக்கையில் இருந்த பாதுகாப்பு ஓட்டுநர்தான் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 3 வருட நன்னடத்தைக் கண்காணிப்புப் பெற்றார். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் மனிதரைக் கடைசிக் கண்ணியாக வைத்த அமைப்பில் பழி எங்கே போய் இறங்குகிறது என்பதும் உண்மை.

ஒரு ஊழியருக்கு நாளைக்கு 400 செய்தி அனுப்பி 'சரி' அழுத்தச் சொல்லாதீர்கள். பிழை வந்தால் சிவில் பொறுப்பு எப்படியும் முதலாளியான உங்களுக்குத்தான். அவர் மீது பழி போட மட்டுமே அந்தப் பட்டன் உதவும்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். "சரித்தன்மைக்குப் பொறுப்பல்ல" என்பதை வெண்டர் முழுதாக எடுக்கமாட்டார், உங்கள் ஆவணத்தில் பிழை இருந்தால் அவர் என்ன செய்வார்? நியாயமான இடம் இதுதான்: நீங்கள் கொடுத்த ஆவணத்தில் சரியாக இருந்து, பாட் அதற்கு மாறாகச் சொன்னால், அதனால் வரும் மூன்றாம் தரப்புக் கோரிக்கைக்கு அவர் ஈட்டுறுதி (அந்த நஷ்டத்தைத் தானே ஈடுகட்டுவேன் என்ற உறுதி) தர வேண்டும். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 124, 125 இதற்கு அடிப்படை. வழக்குச் செலவும் சமரசத் தொகையும் அதில் சேரும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

3 மாத உச்சவரம்பை 12 மாதமாகக் கேளுங்கள், அதைவிட முக்கியம் இந்த ஈட்டுறுதியும் தரவுக் கசிவும் உச்சவரம்புக்கு வெளியே இருப்பது. முடியாது என்றால் அவற்றுக்குத் தனியாக ஒரு பெரிய தொகை வையுங்கள். மாதம் 15,000 ரூபாய் கட்டணத்துக்கு மூன்று மாத வரம்பு என்றால் 45,000. ஆறு பேர் குடும்பத்தின் ஒரு டிக்கெட் தகராறுக்கே போதாது.

மாடலை மாற்றும் முன் 15 நாள் எழுத்து அறிவிப்பு, லாக் முழுவதற்கும் எப்போதும் அணுகல், ஒப்பந்தம் முடிந்தபின் 60 நாளுக்குள் முழு நகல். வழக்கிடம் மதுரை கிடைக்காவிட்டால் சென்னையை இருக்கையாக (சட்டப்படியான இடமாக) கொண்ட நடுவர் மன்றம் கேட்டுப் பாருங்கள். "30 நாளுக்குள் கோரவில்லை என்றால் உரிமை அழியும்" என்ற வரி எங்காவது இருந்தால் பயப்பட வேண்டாம், அது ஒப்பந்தச் சட்டம் பிரிவு 28-இன்படி செல்லாது. இருந்தும் எடுக்கச் சொல்லுங்கள்.

---

பாலிசி_மேசை

காப்பீடு பற்றி யாரும் சொல்லவில்லை. ப்ரொஃபெஷனல் இண்டெம்னிட்டி (தொழிலில் செய்யும் பிழைக்கான காப்பீடு) பாலிசி இருந்தால் எடுத்துப் பாருங்கள். அது பெரும்பாலும் கோரிக்கை வரும் தேதியை வைத்து இயங்கும், பிழை நடந்த தேதியை வைத்து அல்ல. பாலிசியில் குறித்திருக்கும் பின்னோக்கு தேதிக்கு முன் நடந்ததற்குப் பணம் வராது. பாட் தொடங்குமுன் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் போட்டு, தானியங்கிப் பதில்களால் வரும் கோரிக்கையும் அடங்கும் என்று ஒப்புதல் குறிப்பு வாங்குங்கள். புதுப்பிக்கும்போது சொல்லாமல் விட்டால் முக்கிய விவரத்தை மறைத்ததாக மறுப்பார்கள்.

முக்கியமான இடறல்: காப்பீட்டாளர் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதையும் சமரசம் பேசுவதையும் பாலிசி தடுக்கும். வாடிக்கையாளரை அமைதிப்படுத்த ஊழியர் வாட்ஸ்அப்பில் "எங்க தப்புதான்" என்று அனுப்பிவிடுவார். இவ்வளவு ரூபாய் வரை நாமே உடனே தரலாம் என்று ஒரு வரம்பை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

---

நுகர்வோர்_பக்கம்

கடைசியாக ஒன்று சேர்க்கிறேன். ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் பதிலுரைக்கு 30 நாள், கேட்டால் கூடுதலாக 15 நாள். 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, பழைய சட்டத்தின் இதே வாசகத்துக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வெண்டரையும் எதிர்தரப்பாகச் சேர்க்க மனுப் போடலாம், ஆனால் தனக்கும் பயணிக்கும் ஒப்பந்தமே இல்லை என்று அவர் நிற்பார். அதனால் நோட்டீஸ் வந்த அன்றே மூன்று கடிதம் போக வேண்டும்: லாக்கை அழிக்காமல் வைக்கச் சொல்லி வெண்டருக்கு, ஈட்டுறுதி கோரி அவருக்கே இன்னொன்று, தகவல் தெரிவித்துக் காப்பீட்டாளருக்கு. மூன்றையும் ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கடித மாதிரிகளை இப்போதே தயாரித்து அலுவலகக் கோப்பில் வைத்துவிட்டால், அன்றைக்குத் தேதியும் பெயரும் நிரப்பினால் போதும்.